பறவைக்கும் எல்லை உண்டு: மார்கரெட் மோர்ஸ் நைஸும் ஒரு சின்னக் குருவியும்

“பறவைகளுக்கு எல்லை ஏது? கோடு கிழித்துச் சண்டை போடுவது மனிதன் மட்டும்தான்.” பட்டிமன்ற மேடையிலும் காலை வணக்கப் படங்களிலும் அடிக்கடி வரும் வசனம் இது. கைத்தட்டல் வாங்கிவிடும். ஆனால் வேலியோரப் புதரில் உட்கார்ந்து பாடும் குருவியிடம் போய் இதைச் சொன்னால் அது ஒத்துக்கொள்ளாது. தன் இடம் எந்தச் செடியோடு முடிகிறது என்று அதற்குத் தெரியும். அந்தச் செடியைத் தாண்டித் தன் இனத்து ஆண் இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்பதும் தெரியும்.

பறவை பார்ப்பவர்களிடையே வேறு விதமான குழப்பம். ‘டெரிட்டரி’ என்ற சொல் அங்கே தாராளமாகப் புழங்குகிறது. பறவை சுற்றுகிற இடமெல்லாம் அதன் டெரிட்டரி என்கிறார் ஒருவர். கூடு கட்டிய மரம் மட்டும்தான் என்கிறார் இன்னொருவர். புலியைப் பற்றித் தொலைக்காட்சியில் கேட்டதை அப்படியே மைனாவுக்குப் பொருத்திவிடுகிறவர்களும் உண்டு.

இந்தக் குழப்பம் தெளிய நல்ல வழி, மார்கரெட் மோர்ஸ் நைஸின் வாழ்க்கையைச் சொல்வதுதான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், வீட்டை ஒட்டிய புதர் நிலத்தில், ஒரே வகைக் குருவியை எட்டு ஆண்டுகள் விடாமல் கவனித்தவர் அவர். முனைவர் பட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது, ஆய்வகம் கிடையாது. வீடு நிறையக் குழந்தைகள் மட்டும் இருந்தார்கள்.

முதலில் ஒரு சுவர்

தேர்தல் வரப்போகிறது என்றால் நம் ஊரில் முதல் வேலை சுவர் பிடிப்பது. வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி, ‘இந்தச் சுவர் எங்களுக்கு’ என்று போட்டுவிடுவார்கள். சின்னம் வரைவதெல்லாம் அப்புறம். எதிர்க்கட்சிக்காரர் வந்து பார்ப்பார், முணுமுணுத்துக்கொண்டே அடுத்த சுவரைத் தேடிப் போவார். பெரும்பாலும் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எழுதியதை அழித்துவிட்டு மேலே எழுதினால்தான் தகராறு.

பறவையின் பாட்டு அந்தச் சுவரெழுத்து மாதிரி. அடிதடிக்குச் செலவாகும் சக்தியையும் காயத்தையும் மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு. ஒரு வித்தியாசம் உண்டு. சுண்ணாம்பு சில மாதங்கள் நிற்கும், பாட்டு நிற்காது. அதனால் பறவை தன் எழுத்தைத் தினமும் புதிதாக எழுதவேண்டியிருக்கிறது.

சரி, இப்போது வரையறைக்கு வருவோம். ஒரு பறவை, பெரும்பாலும் தன் இனத்தையே சேர்ந்த மற்றவை நுழையாதபடி காத்து நிற்கிற இடம்தான் அதன் ஆட்சி எல்லை, அதாவது டெரிட்டரி. இனிமேல் சுருக்கமாக ‘எல்லை’ என்றே சொல்கிறேன். ‘காத்து நிற்கிற’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரை தேடிப் போய் வருகிற இடம் முழுவதும் எல்லை ஆகாது. அதற்கு நடமாட்டப் பரப்பு என்று பெயர். கொக்கு பல மைல் தள்ளிப் போய் மேய்ந்து வரும். ஆனால் அங்கே இன்னொரு கொக்கு வந்தால் அதைத் துரத்தியே ஆகவேண்டும் என்றில்லை.

குழந்தையின் பேச்சை எண்ணியவர்

மார்கரெட் 1883ஆம் ஆண்டு டிசம்பர் 6 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் பிறந்தார். அப்பா கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். அம்மா தாவரவியல் படித்தவர். சிறு வயதிலேயே பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் 1906இல் பட்டம் பெற்று, பிறகு கிளார்க் பல்கலைக்கழகத்தில் பாப்வைட் என்ற காடை வகை என்னவெல்லாம் தின்கிறது என்று ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 1910இல் வெளிவந்தது. முனைவர் பட்டத்துக்குப் போயிருக்கவேண்டியவர். 1909இல் லெனார்ட் நைஸைத் திருமணம் செய்துகொண்டதும் பட்டக் கனவு அங்கேயே நின்றது. கணவரின் வேலை நிமித்தம் 1913இல் ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் ஊருக்குக் குடிபோனார்கள். ஐந்து பெண் குழந்தைகள்.

இந்த இடத்தில் பலர் ‘குடும்பப் பொறுப்பில் ஆய்வை மறந்தார்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டில் இருந்தபடியே என்ன செய்ய முடியுமோ அதை அவர் செய்துகொண்டிருந்தார். மகள்கள் பேச ஆரம்பித்ததும் நோட்டை எடுத்தார். எந்த வயதில் எத்தனை சொல், ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல் என்று எண்ணி எழுதினார். குழந்தைகளின் மொழி வளர்ச்சி பற்றி அப்படி எழுதிய கட்டுரைகள் உளவியல் இதழ்களில் வந்தன. 1915இல் கிளார்க் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டமும் கிடைத்தது. ஒரு உயிர் வாய் திறப்பதைக் கேட்டு எண்ணுவது என்ற பழக்கம் அங்கே வந்தது. அது பிற்பாடு எங்கே போய் நின்றது என்பதைப் பார்க்கப்போகிறோம்.

பறவைகளிடம் அவரைத் திரும்ப இழுத்தது 1919இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி. ஆகஸ்டிலேயே புறா வேட்டையைத் திறந்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. துக்கப் புறா எனப்படும் அந்தப் பறவை அதற்குள் குஞ்சு பொரித்து முடித்துவிடும் என்பது வேட்டை ஆதரவாளர்களின் வாதம். மார்கரெட் நேரில் போய்க் கூடுகளைத் தேடினார். செப்டம்பரிலும் அக்டோபரிலும்கூடக் கூட்டில் குஞ்சுகள் இருந்தன. கணவரும் மனைவியும் மாநிலம் முழுக்கச் சுற்றி, ஓக்லஹோமாவின் பறவைகள் பற்றிய நூலை 1924இல் சேர்ந்து எழுதினார்கள். பயணங்களில் குழந்தைகளும் கூடவே.

எல்லாம் ஒரே மாதிரி தெரியும் சிக்கல்

1927இல் குடும்பம் ஓஹையோவின் கொலம்பஸ் நகருக்கு மாறியது. வந்த கொஞ்ச காலத்திலேயே ஒன்பது வயது மகள் எலினோர் நிமோனியாவில் இறந்துபோனாள். வீட்டுக்கு அருகே ஒலன்டாங்கி ஆற்றங்கரையில், இரண்டு பாலங்களுக்கு நடுவே, களையும் புதருமாகக் கிடந்த நிலம் இருந்தது. பாலங்களுக்கு இடைப்பட்டது என்பதால் மார்கரெட் அதற்கு ‘இன்டர்பான்ட்’ என்று பெயர் வைத்தார்.

அங்கே நிறைய இருந்தவை சாங் ஸ்பேரோ என்ற குருவிகள். பாட்டுச் சிட்டு என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டுச் சிட்டுக்குருவிக்கும் இதற்கும் நேரடி உறவு இல்லை, குடும்பமே வேறு. சுமார் 20 கிராம் எடை. பழுப்பு உடம்பு, வெளிர் மார்பில் கோடுகள், நடுவில் ஒரு கரும்பொட்டு. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

அன்றைய பறவையியலுக்கு இது பெரிய தலைவலி. ‘ஒரு பாட்டுச் சிட்டு பாடியது, ஒரு பாட்டுச் சிட்டு சண்டையிட்டது’ என்று குறிப்பு எழுதலாம். நேற்றுப் பாடியதும் இன்று சண்டையிட்டதும் ஒரே பறவையா என்று எப்படிச் சொல்வது? தெரியாவிட்டால் எல்லை பற்றிப் பேசவே முடியாது. யாருடைய எல்லை என்ற கேள்விக்கு ஆள் அடையாளம் வேண்டுமே.

விடை, காலில் போடும் வளையம். எண் பொறித்த அலுமினிய வளையத்தை அரசு அமைப்பே தந்தது. ஆனால் எண்ணைப் படிக்கப் பறவையை மறுபடி பிடிக்கவேண்டும். அதனால் செல்லுலாய்டில் செய்த வண்ண வளையங்களையும் மார்கரெட் சேர்த்தார். தோட்டத்தில் தானியம் தூவிய கூண்டுப் பொறியில் குருவி சிக்கும். வளையம் மாட்டிப் பறக்கவிடுவார். எந்தக் காலில் எந்த நிறம் என்ற வரிசை ஒவ்வொரு பறவைக்கும் வேறு. பிறகு தூரத்தில் இருந்து பைனாகுலரில் பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடும்.

1928 வசந்தத்தில் முதலில் வளையம் மாட்டிய ஆணுக்கு ‘ஊனோ’ என்றும் அதன் துணைக்கு ‘ஊனா’ என்றும் பெயரிட்டார். அதற்கு அப்புறம் எண்கள்தான். அவற்றில் புகழ்பெற்றது ‘4எம்’ என்ற ஆண்.

(இன்றும் இதே முறைதான். நம் கோடியக்கரையில் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறது. முறையான அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது.)

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான்: எல்லை என்பது காக்கப்படும் இடம். அதைக் காப்பது யார் என்று தெரிய ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாக அடையாளம் காணவேண்டும். வண்ண வளையம் அதைச் சாத்தியமாக்கியது.

ஓர் எல்லை எப்படி உருவாகிறது

எல்லை என்ற கருத்தை மார்கரெட் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியின் பெர்னார்ட் ஆல்டம் 1868இலேயே இதை எழுதியிருந்தார். ஆனால் ஆங்கில உலகில் அது கவனம் பெறவில்லை. இங்கிலாந்தின் எலியட் ஹோவர்ட் 1920இல் இதை விரிவாக எழுதிய பிறகுதான் பேச்சு கிளம்பியது. ஹோவர்டும் பல்கலைக்கழக ஆள் கிடையாது, எஃகுத் தொழிலில் இருந்தவர். அவரிடம் வண்ண வளையம் இல்லை. கருத்து இருந்தது, ஆள் அடையாளத்தோடு கூடிய சான்று போதவில்லை.

1929 வசந்தத்தில் மார்கரெட்டின் தோட்டத்துப் பக்கம் ஊனோவுக்கும் 4எம்முக்கும் தகராறு. அதைப் பார்த்ததிலிருந்து அவர் வேறு பறவை பக்கம் திரும்பவில்லை என்றே சொல்லலாம். இப்படிப்பட்ட பல தகராறுகளைப் பார்த்து அவர் தொகுத்த காட்சி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்.

இடம் பிடிக்க வரும் ஆண், இறகுகளைப் புசுபுசுவென்று உப்பிக்கொள்ளும். செடிவிட்டுச் செடி தாவும். ஒரு சிறகைத் தூக்கிப் படபடக்கும். இடைவிடாமல் பாடும், ஆனால் மெல்லிய குரலில். வீட்டுக்காரர் பாடவே பாடாது. இதுதான் வேடிக்கை. கழுத்தை உள்ளே இழுத்து, கூனிக் குறுகி, சத்தமில்லாமல் வந்தவரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும். வந்தவர் மேல் பாய்வதற்குத் தயாரான நிலை அது. பிறகு துரத்தல். வந்தவர் ஓடிவிட்டால் கதை முடிந்தது. ஓடவில்லை என்றால் இரண்டும் தரையில் கட்டிப் புரளும். அப்புறம் அவரவர் பக்கத்துக்குத் திரும்பி உரத்த குரலில் பாட ஆரம்பிக்கும். பாட்டு கேட்கிறதென்றால் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு விதி ஒளிந்திருக்கிறது. தன் மண்ணில் சிங்கம் மாதிரி நிற்கும் அதே ஆண், நான்கு செடி தள்ளிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தால் எதிர்ப்பு வந்த உடனே பின்வாங்கும். வலிமை பறவைக்குள் மட்டும் இல்லை, அது நிற்கும் இடத்திலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இப்படிப் பின்வாங்கும் புள்ளிகள் எங்கே சந்திக்கின்றனவோ அதுதான் எல்லைக்கோடு. யாரும் போடாத கோடு, ஆனால் வரைபடத்தில் குறிக்க முடிகிற கோடு. மார்கரெட் குறித்தார். ஆண்டுக்கு ஆண்டு இன்டர்பான்ட் வரைபடம் போட்டு, எந்த ஆணின் எல்லை எங்கே என்று வரைந்து வைத்தார். அளவு பெரும்பாலும் அரை ஏக்கரிலிருந்து ஒன்றரை ஏக்கர் வரை.

வரைபடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. உயிரோடு இருக்கும் ஆண், அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கோ அதன் பக்கத்துக்கோதான் வருகிறது. அந்தக் குருவிகளில் ஏறக்குறைய பாதி ஆண்கள் குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போகவில்லை. மற்றவை தெற்கே வலசை போய்த் திரும்பின. போய் வந்தவையும் தம் பழைய புதரைத் தேடியே வந்தன. போவதா இருப்பதா என்பது அப்பனைப் பார்த்து மகன் வாங்கும் குணமாகவும் தெரியவில்லை. வளையம் மாட்டிய பறவைகளின் பிள்ளைகளையும் அவர் தொடர்ந்து பார்த்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

அப்படியென்றால் பாட்டு எதற்கு?

‘பறவை சந்தோஷத்தில் பாடுகிறது’ என்பது மிகப் பரவலான நம்பிக்கை. பறவைக்குள் என்ன உணர்வு ஓடுகிறது என்பதில் நான் தலையிடவில்லை. பாட்டு என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

இது இயங்கும் விதம் எளியது. குளிர்காலம் முடிந்து பகல் நீள ஆரம்பிக்கிறது. நீளும் வெளிச்சம் மூளையைத் தூண்ட, ஆணின் விந்தகம் பெரிதாகி டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அது ஆண் தன்மைகளைக் கிளப்பும் ஹார்மோன். பாடும் உந்துதலும் துரத்தும் உந்துதலும் அதோடு ஏறுகின்றன. வெப்பநிலைக்கும் இதில் பங்கு உண்டு என்று மார்கரெட் பதிவு செய்தார். சற்றுக் கதகதப்பான ஆண்டில் பாட்டு சீக்கிரம் தொடங்குகிறது.

பாட்டுக்கு இரண்டு கேட்பவர்கள். ஒருவர் பக்கத்து வீட்டு ஆண். அவருக்குச் செய்தி: இடம் காலியில்லை. இன்னொருவர் துணை தேடி வரும் பெண். அவருக்குச் செய்தி: இடம் இருக்கிறது, வரலாம். மார்கரெட் கவனித்த அழகான விஷயம், பெண் வந்து சேர்ந்ததும் ஆணின் பாட்டு சட்டென்று குறைந்துவிடுவது. துணை இறந்துபோனால் மறுபடி பழையபடி பாட்டு கிளம்பும். ஆகவே வசந்தத்தின் தொடக்கத்தில் காலையிலிருந்து ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும் பாட்டுச் சிட்டைப் பார்த்துச் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைத்தால், அது பெரும்பாலும் பெண் கிடைக்காத மாப்பிள்ளை.

இப்போது அந்த எண்ணும் பழக்கத்துக்கு வருவோம். 1935 மே மாதத்தில் ஒரு நாள், விடியும் முன்பிருந்து இருட்டும் வரை 4எம் பாடிய ஒவ்வொரு பாட்டையும் அவர் குறித்தார். மொத்தம் 2,305. மகளின் சொற்களை எண்ணிய அதே நோட்டுப் பழக்கம்தான். ஒவ்வொரு ஆணுக்கும் பல மெட்டுகள் உண்டு, அவை ஆளுக்கு ஆள் வேறுபடும், தந்தையின் மெட்டை மகன் அப்படியே பாடுவதில்லை என்பதும் இப்படி உட்கார்ந்து கேட்டதில் வந்தவை.

பாட்டு உண்மையிலேயே வேலி போல வேலை செய்கிறதா என்பதற்கு நேரடிச் சோதனை பின்னால் நடந்தது. 1970களில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் ஜான் கிரெப்ஸ், பட்டாணிக் குருவி இனத்தைச் சேர்ந்த ஆண்களை அவற்றின் எல்லைகளிலிருந்து பிடித்து அகற்றினார். சில இடங்களில் ஒலிபெருக்கி வைத்து அந்தப் பறவைகளின் பாட்டை ஓடவிட்டார். சில இடங்களைச் சும்மா விட்டார். பாட்டு ஓடாத இடங்களைப் புதியவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஆளே இல்லாமல் குரல் மட்டும் ஒலித்த இடங்களைப் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுத்தது. சுவரில் எழுத்து இருந்தவரை மரியாதை இருந்தது.

சுருக்கமாக, எல்லையைக் காக்கும் முதல் கருவி பாட்டு. அது போதாதபோது பயமுறுத்தும் தோரணை, பிறகு துரத்தல், கடைசியாகச் சண்டை. நல்ல எல்லையில் கடைசிப் படிக்கு வேலையே வராது.

எல்லாப் பறவைக்கும் ஒரே மாதிரி எல்லையா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான். 1941இல் மார்கரெட் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, எல்லைகளை ஆறு வகையாகப் பிரித்தார். பட்டியல் போடாமல் நமக்குத் தெரிந்த பறவைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

பாட்டுச் சிட்டுக்கு எல்லைக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது. துணை சேர்வது, கூடு கட்டுவது, இரை தேடுவது. சில பறவைகளுக்குக் கூடு மட்டும் எல்லைக்குள், இரை வெளியே. வேடந்தாங்கலில் ஒரே மரத்தில் நெருக்கியடித்துக் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் பார்த்து ‘இவற்றுக்கு எல்லை இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. கூட்டிலிருந்து அலகு எட்டும் தூரம் வரை எல்லை இருக்கிறது. கிட்டே வந்தால் குத்து விழும். ஆண் மயில் காப்பது தோகை விரித்தாடும் இடத்தை. கூடும் குஞ்சும் அதன் பொறுப்பில் இல்லை. குளிர்காலத்தில் வரும் வாலாட்டிகளில் சில, இனப்பெருக்கமே நடக்காத ஊரில் இரைக்காக மட்டும் ஓடைக்கரையில் ஒரு நீளத்தைப் பிடித்துக்கொள்ளும். இரவு அடையும் இடத்தைக் காக்கிறவையும் உண்டு.

எல்லை எதற்கு என்ற கேள்விக்கு இதனால்தான் ஒற்றை விடை கிடையாது. உணவுக்காக என்று ஒரு பக்கமும், துணைக்காக என்று மறுபக்கமும் அந்தக் காலத்தில் பெரிய வாதம் நடந்தது. மார்கரெட்டின் பதில் எனக்குப் பிடித்தது. எந்தப் பறவை, எந்தப் பருவம் என்று முதலில் சொல், பிறகு பேசலாம் என்பதுதான் அதன் சாரம்.

மற்றவர்களின் ஆய்வுக்குத் தோள் கொடுத்தவர்

1931இல் பறவையியலாளர் மாநாட்டில் எர்ன்ஸ்ட் மயர் மார்கரெட்டைச் சந்தித்தார். ஜெர்மனியிலிருந்து வந்து நியூயார்க் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இளைஞர். ஒரே இனத்தை ஆழமாக ஆராயும் ஒருவரைப் பார்த்ததில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. அமெரிக்க இதழ்களில் நீண்ட கட்டுரைக்கு இடம் இல்லாத நேரம் அது. பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸெமன் என்ற பறவையியலாளர் தன் இதழில் இடம் கொடுத்தார். ஆக, ஓஹையோ குருவியின் கதை முதலில் விரிவாக வந்தது ஜெர்மன் மொழியில், 1933-34இல். பிறகு நியூயார்க் லினேயன் சங்கம் ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது: 1937, 1943. 1938இல் ஆஸ்திரியாவின் ஆல்டன்பர்க்கில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லாரன்ஸிடம் போய்த் தங்கி, குஞ்சுகளைக் கையில் வளர்த்து நடத்தையைப் படிக்கும் முறையையும் கற்றார்.

அவர் செய்த இன்னொரு வேலை வெளியே அதிகம் தெரியாது. வளையமிடுவோருக்கான இதழ் ஒன்றில் பல்லாண்டுகள் மதிப்புரை எழுதினார். உலகில் எங்கே பறவை ஆய்வு வந்தாலும் படித்து, நாலு வரியில் சாரத்தைச் சொல்லிவிடுவார். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகும். ஐரோப்பியக் கட்டுரைகளை எட்டிக்கூடப் பார்க்காத அமெரிக்க ஆய்வாளர்களுக்கு அதுதான் ஜன்னல். முட்டை எத்தனை நாளில் பொரியும் என்ற கணக்கில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வந்த பிழைகளைத் தோண்டி எடுத்ததும் இந்தப் படிப்பின் பலன்தான்.

கனடாவின் ஒன்டாரியோ காட்டில் வாழ்ந்த லூயிஸ் டி கிரிலின் லாரன்ஸ் என்ற முன்னாள் செவிலியருக்குக் கடிதத்திலேயே ஆசிரியராக இருந்தார். வளையம் போடுவது, கூட்டைக் கவனிப்பது, குறிப்பெடுப்பது எல்லாம் கற்றுக்கொண்ட லூயிஸ், 1952இல் ரெட்-ஐட் விரியோ என்ற சிறு பறவையின் ஒரு நாள் பாட்டை எண்ணினார். 22,197. சிஷ்யை குருவைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்.

மரியாதைகளும் வந்தன. வில்சன் பறவையியல் சங்கத்தின் தலைவரானார். அமெரிக்காவின் முக்கியப் பறவையியல் சங்கம் ஒன்றுக்குப் பெண் தலைவரானது அதுவே முதல்முறை. 1942இல் பறவையியலுக்கான புரூஸ்டர் பதக்கம். அதே காலத்தில் பெண்களை உறுப்பினராகவே சேர்க்காத பறவைச் சங்கங்களும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. டொராண்டோவில் அப்படி வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் 1952இல் தாங்களே ஒரு சங்கம் தொடங்கி அதற்கு மார்கரெட் மோர்ஸ் நைஸின் பெயரை வைத்தார்கள். தன்னை வெறும் இல்லத்தரசி என்று குறிப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். பயிற்சி பெற்ற விலங்கியலாளர் என்று திருத்துவார். 1974 ஜூன் 26 அன்று சிகாகோவில் காலமானார்.

வீட்டிலிருந்தே பார்க்க

காரின் பக்கக் கண்ணாடியைத் தேன்சிட்டு விடாமல் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். தாகம் என்பார்கள், அழகு பார்க்கிறது என்பார்கள். அதன் கண்ணில் தெரிவது எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண். மிரட்டினால் ஓடவேண்டும், ஆனால் இந்த ஆள் ஓடமாட்டேன் என்கிறான், திருப்பி அதே வேகத்தில் மிரட்டுகிறான். பாவம், நாள் முழுக்க மல்லுக்கு நிற்கிறது. கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இன்னும் ஒரு படி போக ஆசையிருந்தால் கோடை தொடங்கும்போது குண்டுகரிச்சானைக் கவனியுங்கள். வண்ணாத்திக் குருவி என்றும் சொல்வார்கள். கறுப்பும் வெள்ளையுமாக, விடியலில் ஆன்டெனா உச்சியிலோ மரத்தின் நுனியிலோ உட்கார்ந்து பாடும். வளையம் தேவையில்லை. உங்கள் தெருவைத் தாளில் வரைந்து, பாடும் இடத்தையெல்லாம் புள்ளியாகக் குறித்து வாருங்கள். சில வாரங்களில் புள்ளிகள் கொத்துக் கொத்தாகச் சேரும். ஒவ்வொரு கொத்தும் ஓர் ஆணின் எல்லையாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் வந்தால், ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்ட இடங்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். ஒரே பறவை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பாட முடியாது அல்லவா? அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் எங்கேயோதான் கோடு போகிறது.